ஈயக்குண்டு என்று கேட்டேன்

13 பெப்ரவரி 2024, செவ்வாய்

காலை எட்டுக்கு ஹவுன்ஸ்லோ. கவுன்சில் வீட்டுப் பிரிவில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் மொழிபெயர்ப்பு. சுவரெல்லாம் ஈரம், மகனுக்கு இழுப்பு, அதிகாரி கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பதினொன்றரைக்கு முடிந்தது. பிறகு ரெயில் நிலைய வாங்கில் இருந்தபடி ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தொலைபேசியில் இரண்டு பேர். ஒருவருக்கு நீரிழிவு. மற்றவருக்கு என்ன என்று இப்போது நினைவில்லை. பாணைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஏஜென்சியிலிருந்து அழைப்பு: கிழக்கு லண்டனில் ஒரு பொலிஸ் நிலையம், உடனே வர ஏலுமா? முதுகு ஏலாது என்றது. வாய் ஏலும் என்றது.

போய்ச் சேர மூன்று மணி. பிடிபட்டவர் பெயர் எட்வேட். பெயர் எழுதக்கூடாதுதான்; இந்தக் கொப்பி எனக்கு மட்டும் என்பதால் எழுதுகிறேன். அறுபத்து மூன்று வயது, சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். பிரான்சில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். இல்ஃபோர்டில் மீன்கடையில் வேலை. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் அவரும் மனைவியும் ஓர் அறையில் இருக்கிறார்கள். அதே வீட்டின் இன்னோர் அறையில் றமணன் என்று ஒருவன். செத்தவர்களின் வீடுகளைக் காலி செய்து பழஞ்சாமான் விற்பவன். பின்வளவுக் கொட்டிலை இரண்டு பேரும் பாவிக்கிறார்கள். அந்தக் கொட்டிலில் பொலிஸ் கண்டெடுத்தது ரிவோல்வர் வகையில் ஒரு சின்னப் பழைய கைத்துவக்கு, பிஸ்கட் தகரத்துக்குள் அதில் போட்டுச் சுடும் இருபத்தொரு ரவை, ஈயம் உருக்கும் சட்டி. றமணனையும் பிடித்திருக்கிறார்கள். அவனுக்கு ஆங்கிலம் தெரியும், நான் தேவையில்லை.

விசாரித்தவள் ஒரு பெண் அதிகாரி, என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூப்பு. எனக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்தினாள். அந்தத் துவக்குக்கு வயது நூற்றுமுப்பது இருக்குமாம். சும்மா அலங்காரத்துக்கு வைத்திருந்தால் குற்றமில்லையாம், ஏனென்றால் அந்த அளவில் ரவை இப்போது கடையில் இல்லை. ஆனால் யாரோ பழைய பித்தளை ரவைக் கோதுகளைத் தேடி எடுத்து, திரும்ப வெடிமருந்தடைத்து, முனைக்கு ஈயம் வார்த்துப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெண்ணின் தோளிலிருந்து அப்படியொன்றை எடுத்தார்களாம்.

துவக்கைப் பற்றிக் கேட்டாள். கேட்டேன்.

"துவக்கோ? எனக்கு ஒண்டும் தெரியாது. கண்ணாலையும் காணேல்லை."

ஈயம் வார்த்ததைப் பற்றிக் கேட்டாள். கேட்டேன்: "ஈயக்குண்டு வார்த்தது நீங்களோ?"

"ஓம். நான்தான் வார்த்தனான்."

ஒளிக்கவே இல்லை. எத்தனை என்று கேட்டதற்கு, "எண்ணினதில்லை, நூறுக்கு மேலை இருக்கும். சவுத்எண்டிலை எல்லாரும் கேப்பினம்" என்றார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். துவக்குத் தெரியாது, ஆனால் குண்டு மட்டும் வார்த்தீர்களா என்று திருப்பித் திருப்பி மூன்று விதமாகக் கேட்டாள். நானும் மூன்று விதமாகக் கேட்டேன்.

"அது வேறை, இது வேறை, தங்கச்சி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

இடையில் எனக்கு இருமல் பிடித்தது. தனக்கு வைத்திருந்த தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். இப்படிப்பட்ட ஆளா பஸ் தரிப்பில் நிற்கிறவர்களைச் சுடுகிறவர்களுக்கு ரவை செய்து கொடுத்தார்? மனிதரை என்னவென்று நம்புவது.

ஏழரைக்கு வீடு. சோறு காய்ச்சவில்லை.

14 பெப்ரவரி, புதன்

தொண்டை கட்டிவிட்டது. ஒரு வேலையும் எடுக்கவில்லை.

22 பெப்ரவரி, வியாழன்

பொலிஸ் வேலை இனியும் வரும் என்று சொற்பட்டியல் ஒன்று எழுதத் தொடங்கினேன். ரிவோல்வருக்கு அகராதி 'சுழல்துப்பாக்கி' என்கிறது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். வெடித்து முடிந்தது: வெற்றுக்கோது. உள்ளே அடைப்பது: மருந்து. வெடித்த கோதைத் திரும்பப் பாவிக்கத்தக்கதாக ஆக்குவதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. 'மறுபடி மருந்தடைத்தல்' என்று போட்டேன்.

புல்லட் என்று எழுதி நேரே தமிழ் எழுதப் போனேன். இவர், என் மனுசன், அறைக்குள் வந்தார். கொப்பியை மூடிவிட்டேன்.

எண்பத்தேழில் இவருடைய வலது தொடையில் பட்டது இன்னும் உள்ளே கிடக்கிறது. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று டென்மார்க்கிலும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. "அது இண்டைக்கு இழுக்குது" என்பார். எண்ணெய் சூடாக்கிக் கொடுப்பேன். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். புல்லட்டுக்கு நாங்கள் சொல்லும் சன்னம் என்ற சொல்லை இந்த வீட்டில் நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

9 மார்ச், சனி

குளிர். இவருக்குக் கால் இழுப்பு. பெற்றோல் ஸ்ரேசனில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து படியில் இருந்துவிட்டார், மேலே ஏற ஏலவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.  ஆரணி வந்து, "அம்மா, அப்பா, படியிலை என்ன மீற்றிங்?" என்று கேட்டாள்.

18 ஏப்ரல், வியாழன்

அந்தப் பெண் அதிகாரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எட்வேட் என்பவரின் வாக்குமூலத்தை நான் சரியாக மொழிபெயர்த்தேன் என்று ஒரு கூற்று. நான் ஒப்பமிட வேண்டும். ஆங்கிலச் சுருக்கமும் கூட வந்தது, ஒன்பது பக்கம். எலிசபெத் லைன் ரெயிலில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைப் பெருவிரலால் ஒப்பமிட்டேன். இரண்டு பக்கம் வாசித்திருப்பேன். ஸ்ராற்ஃபேர்ட் வந்துவிட்டது.

27 மே, திங்கள், வங்கி விடுமுறை

ஆரணி பிடித்த பிடியில் சவுத்எண்டுக்குப் போனோம். ஷென்பீல்டில் மாறிப் போகும் ரெயிலில் நிற்கவும் இடமில்லை. இவர் கடற்கரை வாங்கில் இருந்துவிட்டார். நானும் ஆரணியும் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பியரின் அந்தம்வரை நடந்தோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு சும்மா நடக்கிறேன் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அந்தத்தில் எங்கடை ஆக்கள் மூன்று பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்துக் கத்தினான்.

"மச்சான், உன்னட்டை ஈயக்குண்டு கிடக்கோ? என்ரை எல்லாம் அறுந்துபோட்டுது."

"ரெண்டுதான் கிடக்கு. எட்வேட் அண்ணை வார்த்துத் தந்தது. அந்தாளை உள்ளுக்கை போட்டாப்பிறகு இனிக் கடைச்சாமான்தான்."

நின்றுவிட்டேன். ஆரணி கையைப் பிடித்து இழுத்தாள். நான் அந்தப் பையனிடம் போய், "தம்பி, அது என்ன?" என்று கேட்டேன்.

"எதக்கா?"

"இப்ப நீங்கள் சொன்னது."

"ஈயக்குண்டு, அக்கா. தூண்டில் தாழுறதுக்குக் கட்டுறது." என் கையில் ஒன்றை வைத்தான். கோழிமுட்டையளவு. உச்சியில் கம்பி வளையம்.

"இதுக்கு வேறை பெயர் இல்லையோ?"

"வேறை என்ன பெயர்?" என்று சிரித்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆரணி என்ன கதைத்தாள் என்று தெரியவில்லை.

28 மே, செவ்வாய்

ஈயக்குண்டு வார்த்தது நீங்களோ — ஓம்.
நூறுக்கு மேலை இருக்கும் — ஓம், இருக்கும்தானே.
சவுத்எண்டிலை எல்லாரும் கேப்பினம் — கேப்பினம். கேட்டாங்கள். என்ரை காதாலை கேட்டன்.
அது வேறை, இது வேறை.

அந்த மனிசன் நாலுதரம் சொல்லியிருக்கு. நான் என்ன செய்தனான்? நல்ல இங்கிலீசிலை சொன்னனான்.

நான் கடல் இல்லாத கோண்டாவில் ஆள். தோட்டக்காறர். வலை என்ன, தூண்டில் என்ன, அதின்ரை அடியிலை என்ன கட்டுறது எண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது? — சாட்டு. தப்பிக்கொள்ளச் சொல்லுற சாட்டு. சன்னம் எண்டு கேட்டிருக்கலாம். ரவை எண்டு கேட்டிருக்கலாம். அந்தச் சொல் தெரியாமலோ கேக்கேல்லை?

இன்று வேலை இரண்டு இருந்தது. இரண்டையும் செய்தேன்.

3 யூன், திங்கள்

இவரிடம் சொன்னேன். தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "உனக்கென்ன விசரே?" என்றார். "அண்டைக்குக் கதைச்சதைப் பதிஞ்ச ரேப் இருக்குத்தானே. லோயர்மார் இருக்கினம். அவையள் பாப்பினம். நீ போய்ச் சொன்னா உன்ரை வேலைதான் போகும், வேறை என்ன?"

ரேப் இருக்கிறது. ஆனால் ரேப்பில் தமிழில் கேட்பது நான், ஆங்கிலத்தில் சொல்வதும் நான். அந்த அறையில் அதை நிறுத்தி, இது என்ன சொல் என்று கேட்க வேறு யார் இருந்தார்கள்?

இவர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கம்.

11 யூன், செவ்வாய்

வேலை. வேலை. சொல்லவில்லை.

22 யூன், சனி

ஒரு வேலையும் எடுக்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகல் முழுக்கப் படுத்திருந்தேன். நித்திரையும் இல்லை.

4 யூலை, வியாழன்

ஆஸ்பத்திரி. என் வயதுக்காரி ஒருத்தி, கழுத்தைத் தொட்டுக் காட்டிக் 'கட்டி' என்றாள். எந்தக் கட்டி? சீழ்க்கட்டியா, சதைக்கட்டியா, சும்மா வீங்கிக் கிடக்கிறதா? எப்போதிருந்து, எப்படி, தொட்டால் அசையுமா? நான்கு தரம் கேட்டேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பயந்துவிட்டாள். "ஏன் அக்கா, கூடாத வருத்தமோ?" என்று என் கையைப் பிடித்தாள். அப்படியொன்றுமில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; சொல்லிவிட்டேன். அதுவும் பிழை.

எனக்கு இந்த வேலை இனிச் செய்ய வராது போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் நின்று பார்க்கிறது.

14 யூலை, ஞாயிறு

மத்தியானம். இவர் காலை நீட்டி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். ஆரணி வெளியே போயிருந்தாள். திடீரென்று கேட்டார்.

"நீ என்ன எண்டு கேட்டனீ அந்தாளிட்டை?"

எவரிடம் என்று நான் கேட்கவில்லை. "ஈயக்குண்டு எண்டு."

"ஏன், சன்னம் எண்டு கேட்டா விளங்கியிருக்குமே. குருநகர், பாசையூர்ப் பக்கம் அது தெரியாத ஆக்கள் இல்லையே."

என் கண் இவருடைய காலுக்குப் போனது. இவருடைய கை தொடையில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். 

"இதுக்காகவோ?" என்றார்.

"தெரியாது. களைப்பிலை வாயிலை வந்தது அதுதான்."

"என்ரை காலைப் பாத்து நீ ஒரு சொல்லை விழுங்க, ஆரோ ஒரு மனிசன் மறியலிலை அடைபட்டுக் கிடக்கிறதோ?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எண்ணெய்ப் போத்தலை மூடினார். "நாளைக்குச் சொல்லு. போற வேலை போகட்டும்."

15 யூலை, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஏஜென்சிக்கும் அந்த அதிகாரிக்கும் ஒரே கடிதம். எழுத மூன்று மணித்தியாலம். 'நான் கேள்வியில் பாவித்த சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. துப்பாக்கிச் சன்னம் என்ற பொருளில் நான் கேட்டேன். மீன்பிடிக்கக் கட்டும் ஈயம் என்ற பொருளில் அவர் விடை சொன்னார் என்று இப்போது நம்புகிறேன்.' இவ்வளவுதான் விசயம். ஐந்து மாதம் ஒரு மனிதர் மறியலில் இருந்ததற்கு இவ்வளவுதான் விசயம்.

அதிகாரி பின்னேரம் அழைத்தாள். கோபப்படவில்லை. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். மே இருபத்தேழு என்றேன். அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

16 யூலை, செவ்வாய்

ஏஜென்சி: விசாரணை முடியும்வரை வேலை இல்லை. அழைத்த பிள்ளைக்கு என்னை ஏழு வருசமாகத் தெரியும். எழுதி வைத்திருந்ததை வாசித்தாள்.

2 ஓகஸ்ட், வெள்ளி

எட்வேட்டின் வழக்கறிஞர் அலுவலகம், பார்க்கிங். என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது லக்‌ஷிகா என்று ஒரு இளம் பெண், இங்கே பிறந்தவள். ஆங்கிலத்தில்தான் கதைத்தாள், இடையிடையே 'அன்ரி' என்று கொஞ்சம் தமிழ். கல்யாணசுந்தரம் என்ற முதிய மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். ரேப்பைத் தனியாகக் கேட்டு அறிக்கை எழுதியவர் அவர். முன்பு நாங்கள் ஒரே பயிற்சி வகுப்பில் பேசியிருக்கிறோம். இன்று தலையை மட்டும் ஆட்டினார்.

ரேப்பைப் போட்டார்கள். பெண் குரல் ஒன்று கேட்டது. யாரிவள், இப்படிச் சலித்துப்போய்க் கேட்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு வரிக்குப் பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

எட்வேட் மார்ச்சிலேயே மறியலிலிருந்து வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறார், துவக்குக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று. பிடிபட்ட அன்று ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மாற்றிக் கதைக்கிறார் என்றுதான் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். அவருடைய ஆட்களும்கூட. கொட்டிலில் எடுத்த படங்களை லக்‌ஷிகா மேசையில் பரப்பினாள். ஒரு வாளி நிறைய ஈயக் கட்டிகள். ரவைக்கு மூலப்பொருள் என்று கீழே எழுதியிருந்தது. ஒவ்வொரு கட்டியின் உச்சியிலும் கம்பி வளையம்.

"குண்டு எண்டா மொத்தமான ஆள் எண்டுதான் எனக்குத் தெரியும், அன்ரி" என்றாள். அவளுக்கும் அழுகை வருகிற மாதிரி இருந்தது. மூன்று பேரும் சிரிக்க வேண்டிய இடம். ஒருவரும் சிரிக்கவில்லை.

கல்யாணசுந்தரம் ஐயா கோப்பை மூடும்போது சொன்னார்: "பிழை விடையிலை இல்லை. கேள்வியிலைதான் இருக்கு." எனக்கு அது தெரியும். 

11 செப்ரெம்பர், புதன்

நீதிமன்றம். சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள். இவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு காரில் கொண்டுவந்து விட்டார், உள்ளே வரவில்லை. காலை பத்துக்குப் போய்ப் பன்னிரண்டரை வரை வெளிவாங்கில் இருந்தேன். பிறகு ஒருவர் வந்து, சாட்சி தேவையில்லை, வேண்டுமானால் உள்ளே இருந்து கேட்கலாம் என்றார்.

காலையில் றமணன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டானாம். அவனுடைய வான் வண்டிக்குள் ரவை வார்க்கும் அச்சு கிடைத்திருந்தது. அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்து, எட்வேட்டை ஓகஸ்டில் திரும்ப விசாரித்ததாகச் சொன்னார். மீன்பிடி ஈயத்தைத் தவிர, ஒரே ஒரு நாள் றமணன் கொண்டுவந்த சின்ன அச்சு ஒன்றில் ஈயம் ஊற்றிக் கொடுத்தேன், திரைச்சீலையின் அடியில் தொங்கவிடுகிற பாரம் என்று அவன் சொன்னான், நம்பினேன் என்று எட்வேட் தானாகவே சொல்லியிருக்கிறார். அதை அறிந்து செய்தார் என்று நிரூபிக்க ஏலாது, ஆகவே வழக்கைத் தொடரவில்லை என்றார். எட்வேட் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றார். பாதி ஆளாகியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வேறொரு மொழிபெயர்ப்பாளர், இளம் பையன், காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முடித்த பிறகும் எட்வேட் நின்றபடியே நின்றார். விடுதலை என்பது விளங்கவில்லையோ, நம்பவில்லையோ.

திரைச்சீலைக்கு என்று உண்மையாகவே நம்பினாரா? அந்தத் தோள் காயப்பட்ட பெண் நம்புவாளா? தெரியாது. இந்த முறை சரியான சொல்லில் கேட்டிருக்கிறார்கள், அவர் விடை சொல்லியிருக்கிறார். அதற்கு மேலே தோண்ட நான் யார்?

வெளியே ஒரு மனிசி என்னை நோக்கி வந்தா. கையில் ஆண்களின் ஜக்கற் ஒன்று மடித்து வைத்திருந்தா. பிலோமினம்மா, அவருடைய மனைவி.

"நீங்கள்தானோ அண்டைக்குப் பொலிசிலை மொழிபெயர்த்தது?"

"ஓம்."

"பிழை எண்டு கடிதம் குடுத்ததும் நீங்கள்தானோ?"

"ஓம்."

"எப்ப தெரியவந்தது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் வந்தது. "மே கடைசியிலை" என்றேன்.

"குடுத்தது யூலை பதினைஞ்சு. லோயர் சொன்னவ." விரலால் எண்ணவில்லை, எண்ணிமுடித்துத்தான் வந்திருந்தா. "ஏழு கிழமை. யூன் இருபத்திரண்டு எங்கடை மகளுக்குப் பாரிசிலை கலியாணம். தேப்பன் இல்லாமல் கோயிலுக்குள்ளை நடந்தவள். என்ரை தம்பிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவன். நீங்கள் அந்த ஏழு கிழமையும் என்ன செய்தனீங்கள்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவ தலையை ஆட்டினா. மன்னித்த ஆட்டு இல்லை. கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டு.

போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று மணிக்கு அவரை வெளியே விட்டார்கள். மனைவி ஜக்கற்றைப் போட்டுவிட்டா. தோள் இரண்டும் தொங்கியது. அவர் என்னை அடையாளம் கண்டு, மெல்ல நடந்து வந்தார்.

"தங்கச்சி, நீங்களும் வந்தனீங்களோ?"

"அண்ணை, என்னிலைதான் பிழை. நான் கேட்ட கேள்வி..."

"ஓம், சொன்னவை." ஜக்கற்றின் கையை மேலே இழுத்துவிட்டார். "அண்டைக்கு நீங்கள் நல்லாக் களைச்சுப்போயிருந்தீங்கள். நான் கண்டனான். அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிக் கேக்க, நீங்களும் ஏலாமல் ஏலாமல் கேக்க, எனக்குப் பாவமாய்க் கிடந்தது. கெதியா முடியட்டும் எண்டு நானும் விபரம் சொல்லாமல் ஓம் ஓம் எண்டிட்டன்."

பிலோமினம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. போய்விட்டார்கள்.

12 செப்ரெம்பர், வியாழன்

யூன் இருபத்திரண்டு என்ன செய்தேன் என்று இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். படுத்திருந்திருக்கிறேன்.

அவர் ஏசியிருக்கலாம். மனிசி ஏசினது நெஞ்சிலை ஒரு இடத்திலை நிக்குது. அவர் சொன்னதுக்கு நிக்க இடமில்லை. பாவம் பாத்து ஓம் எண்டாராம். என்னைப் பாவம் பாத்து.

21 ஒக்ரோபர், திங்கள்

மொழிபெயர்ப்பாளர் பதிவுச்சபையின் முடிவு வந்தது. சொல்லின் பிழையைப் பெரிதாக எடுக்கவில்லை; அப்படி நடக்கக்கூடியதே என்று எழுதியிருக்கிறார்கள். வாசிக்காமல் ஒப்பமிட்டதும், அறிந்த பிறகு தாமதித்ததும்தான் குற்றம். ஆறு மாத இடைநிறுத்தம். அதன்பின் விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

நியாயமான கடிதம். இரண்டு தரம் வாசித்தேன், கடைசிவரை.

இன்று பள்ளிக்கூடச் சமையலறையில் முதல் நாள். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள். கரட் வெட்டி, தட்டுக் கழுவி, மேசை துடைத்தேன். வாய் திறக்கத் தேவையில்லை. முதுகு அதே முதுகுதான்.

16 சனவரி 2025, வியாழன்

பள்ளிக்கூட அலுவலகத்தில் எங்கடை ஆள் ஒருத்தி, கையில் ஏதோ கடிதத்துடன். மகனை ஏன் வகுப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வந்திருக்கிறாள்; ஆங்கிலம் வரவில்லை. அலுவலகப் பெண் சத்தமாகவும் மெதுவாகவும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தட்டுகளுடன் வாசலில் நின்றேன். போகவில்லை. தட்டுகள் பாரம் என்று எனக்கு நானே சொன்னேன்.

மூன்று மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவள் இன்னும் வேலியோரம் நின்றாள். "என்ன தங்கச்சி, என்ன சொன்னவை?" என்று கேட்டேன். கடிதத்தை நீட்டினாள். குளிரில் நின்று முழுவதையும் வாசித்து, வரிவரியாகச் சொன்னேன். விளங்காத ஓரிடத்தை விளங்கவில்லை என்று சொல்லி, நாளைக்கு என்னோடு வந்து கேளுங்கள் என்றேன்.

17 சனவரி, வெள்ளி

வந்தாள். கேட்டோம். மகனை எடுக்கவில்லை, வாசிப்புக்குத் தனி உதவியாம், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்.

2 மார்ச், ஞாயிறு

இவர், "அது" என்று சொல்லத் தொடங்கி நிறுத்தி, "சன்னம் இண்டைக்குச் சும்மா கிடக்குது" என்றார். ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். 

6 மே 2025, செவ்வாய்

பதிவுச்சபையின் விண்ணப்பப் படிவத்துக்கு நாளையோடு கடைசி நாள். பின்னேரம் வேலையால் வந்து, கால் கழுவிவிட்டு, குசினி மேசையில் இருந்து நிரப்பினேன். பெயர், நாகேஸ்வரி. மொழி, தமிழ். ஏழாவது கேள்வி: உங்கள் மீதான முறைப்பாடு ஏதேனும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளதா? ஓம். இருநூறு சொற்களுக்குள் விளக்குக.

ஒரு மணித்தியாலம் எழுதி எழுதி வெட்டினேன். அன்று அது நாலாவது வேலை. மூச்சுவிடவும் நேரமில்லை. சொல்லுக்கு இரண்டு பொருள். ஊருக்கு ஊர் வழக்கு வேறு. வீட்டில் ஒரு காயம். எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிஞ்சியதைத் துப்பரவாக எழுதினேன்:

'நான் கேட்ட கேள்வியில் ஒரு சொல் பிழை. 2024 மே 27 இல் அது எனக்குத் தெரியவந்தது. யூலை 15 இல்தான் சொன்னேன்.'

ஆரணி தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அம்மா? இன்னும் இடம் இருக்கே" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.